மருந்து இல்லாத தொட்டி

கொல்லாத எதையும் டாக்டர் சுமகாய்சாய் மதித்ததில்லை. இலோய்லோ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருடங்களாக அவர் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் நடத்திவந்தார். அத்தனை வருடமும் அவர் தேடியது ஒன்றே ஒன்றுதான். பெட்ரி தட்டில் பரவிய பாக்டீரியா செத்தொழிந்து, நடுவில் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும் வட்டம். வட்டம் விழுந்தால் மருந்து, விழாவிட்டால் குப்பை. அதுவரை விழுந்த வட்டங்கள் எல்லாம் வேறு யாரோ எப்போதோ கண்டுபிடித்து, விற்று, பழசாகிப்போனவை. அதனால் அவருடைய தன்னம்பிக்கைக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

அவருக்குக் கீழே பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள் ஜொவிதா மொந்தெக்ளாரோ. முனைவர் பட்டம் கிடையாது, நாக்கு உண்டு. மாணவர்கள் டாக்டரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். ஜொவிதாவைக் கண்டால், செய்துகொண்டிருக்கும் வேலையைச் சரியாகச் செய்யத் தொடங்குவார்கள். இரண்டில் எது மரியாதை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த வருடம் தெற்குக் கடற்கரை முழுக்க இறால் குஞ்சுப் பண்ணைகளில் ஒளி நோய் வந்தது. கிம்பால் ஊரில் பண்ணை வைத்திருந்த பெபிங், ஜொவிதாவின் பள்ளித் தோழி. பெபிங்கின் மகளுக்கு ஜொவிதாதான் ஞானஸ்நானத் தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெபிங் அவளைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"தலைய உள்ள விட்டுப் பாரு மாரே. உன் படிப்பெல்லாம் எதுக்கு இருக்குன்னு பாப்போம்."

தொட்டியை மூடியிருந்த கறுப்புத் தார்ப்பாயைத் தூக்கி ஜொவிதா தலையை நுழைத்தாள். உள்ளே இருட்டு. கண் பழகியதும் தண்ணீர் முழுக்கப் பச்சையும் நீலமுமாக மினுமினுத்தது. ஒவ்வொரு மினுக்கும் சாகப்போகிற ஒரு குஞ்சு.

"அழகா இருக்கு," என்றாள் ஜொவிதா வெளியே வந்து.

"அழகா இருக்கா? செத்த வீட்டுல வந்து மெழுகுவத்தி நல்லா எரியுதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. என்ன ஊத்தணும், அதச் சொல்லு."

"ஊத்துறதெல்லாம் ஊத்தியாச்சு. எல்லாரும் போட்டி போட்டுக்கிட்டு மருந்த ஊத்தி ஊத்தி, இப்ப அந்தக் கிருமி மருந்தக் குடிச்சுட்டு ஏப்பம் விடுது."

அந்தக் கிருமியைப் பற்றி ஜொவிதா படித்திருந்தாள். தனியாக இருக்கும்வரை அது பரம சாது. தண்ணீரில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் அதன் குரல். 'நான் இருக்கேன், நீ இருக்கியா?' கூட்டம் பெருகப் பெருகக் குரல் தடிக்கும். போதுமான ஆள் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லாமாகச் சேர்ந்து நஞ்சைக் கக்கும், ஒளிரவும் செய்யும். முதன்முதலாக இதைப் படித்தபோது அவளுக்கு வியப்பே ஏற்படவில்லை. பல்கலைக்கழகக் குழுக் கூட்டங்களில் பதினாறு வருடம் குறிப்பெழுதியவள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்பினரும் தங்கம். கூட்டம் நடத்தப் போதுமான தலை சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பண்ணையின் கழிவுநீர் போகிற வாய்க்கால் கரையில் அலையாத்தி மரங்கள் நின்றன. ஊரில் அதைப் புங்காலோன் என்பார்கள். அத்தனை கிருமியும் போகிற தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு, ஓர் இலைகூட அழுகாமல் நின்றன. இலைக்குள்ளே யாரோ குடியிருக்கிறார்கள், அவர்கள் சும்மா இருக்கவில்லை என்று ஜொவிதாவுக்குத் தோன்றியது. ஒரு பை நிறைய இலை பறித்துக்கொண்டு நகரத்துக்குப் போகிற ஜீப்னி வண்டியில் ஏறினாள்.

இலையைக் கழுவி, சாராயத்தில் முக்கி, ப்ளீச்சில் முக்கி, மறுபடி சாராயத்தில் முக்கி, சுத்த நீரில் மூன்று முறை அலசினாள். கடைசியாக அலசிய நீரையும் ஒரு தட்டில் ஊற்றி வைத்தாள். அதில் ஒன்றும் முளைக்கவில்லை. அதாவது இனி முளைப்பது வெளியே ஒட்டியிருந்த அழுக்கல்ல, இலைக்குள் குடியிருந்தது. பிறகு இலையைக் கிள்ளி வைத்தாள். ஆறு வாரத்தில் நாற்பத்தோரு நுண்ணுயிர்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் ஊதா நிறக் கிருமி பரப்பிய தட்டில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கிருமி தங்களுக்குள் பேசிக்கொண்டால்தான் ஊதா நிறம் காட்டும்; பேச்சு நின்றால் வெளுத்துவிடும். முப்பத்தேழாவது தட்டில், ஊதாவுக்கு நடுவே பால் வெள்ளையாக ஒரு வட்டம். கிருமி அப்படியே உயிரோடு இருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

தட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாகலையே, ஜொவி."

"சாகல, டாக். சாகவும் வேண்டாம். அதுங்க பேசிக்கிற வார்த்தைய இது நறுக்கிப் போட்டுடுது. கொன்னாத்தான எதிர்த்து நிக்கக் கத்துக்கும்? இதுல ஒண்ணையொண்ணு கேக்கவே முடியாது. கூட்டம் இருக்கும், கூட்டம்னு அதுக்கே தெரியாது."

"அப்ப இது என்ன, ஊமையாக்குற மருந்தா?" டாக்டர் சிரித்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு விரிவுரையாளர்களும் கணக்காகச் சிரித்தார்கள். "கிருமிக்கு வாய்ப்பூட்டு போட்டுக் காய்ச்சல் எறங்கினதா நான் கேள்விப்படல. ஆட்டோகிளேவ்ல போடு."

கிருமியை நீராவியில் அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவில் ஜொவிதா அதைப் போடவில்லை. குளிர்பெட்டியின் அடித்தட்டில், யாரும் தொடாத பழைய ஈஸ்ட்டுக்குப் பின்னால் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கருத்தரங்கில் அவர் ஒரு மணி நேரம் பேசியது முழுக்க இதுதான்: கொல்லும் மருந்துகளின் காலம் முடிகிறது, கிருமிகளின் பேச்சைக் கலைப்பதே இனி வழி, அதற்கான பொருட்கள் செடிகளுக்குள் வாழும் நுண்ணுயிர்களில் கொட்டிக்கிடக்கலாம். முன்வரிசையில் டாக்டர் சுமகாய்சாய் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முதலில் தூக்கத்தில் ஆட்டினார். பிறகு விழித்துக்கொண்டு ஆட்டினார். தேநீர் இடைவேளையில் விருந்தாளியின் தோளில் கை போட்டு, "நாங்க இதுல ரொம்ப நாளா இருக்கோம்," என்றார்.

அன்று சாயங்காலமே ஜொவிதாவின் மேசைக்கு வந்தார். "அந்த முப்பத்தேழு எங்க?"

"ஆட்டோகிளேவ்ல போடச் சொன்னீங்களே, டாக்."

அவர் முகம் போன போக்கைப் பார்ப்பதற்காக அவள் ஒரு நிமிடம் காத்திருந்தாள். அந்த ஒரு நிமிடம் பதினாறு வருடச் சம்பளத்தைவிட இனித்தது. பிறகு எழுந்துபோய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முப்பத்தேழுக்கு மறுநாள் பெயர் மாறியது: சுமகாய்சாய்-1. வானொலியில் டாக்டர் பேசினார். இலைக்குள் இருக்கும் நுண்ணுயிர் என்று சொன்னால் மக்களுக்குப் புரியாது என்று, "நம்ம புங்காலோன் மரத்துல இருக்கு மருந்து," என்று சொல்லிவிட்டார். அது நன்றாகவே புரிந்தது. ஒரே வாரத்தில் கிம்பாலிலிருந்து ஓத்தோன் வரைக்கும் கரையோர மரங்கள் மொட்டையாகின. இருமலுக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர், மருமகளின் வாயை அடைக்கலாம் என்ற நம்பிக்கையில் ஒருத்தி என்று ஆளாளுக்கு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்து, வயிறு கலங்கிப் படுத்தார்கள். டாக்டருக்கு ஒரு பாராட்டுக் கேடயம் வந்தது.

பெரிய அளவில் வளர்க்க வேண்டும் என்று டாக்டர் சுமகாய்சாய்-1ஐ நல்ல சத்தான திரவத்தில் போட்டு, குடுவையிலிருந்து குடுவைக்கு மாற்றிக்கொண்டே போனார். ஜொவிதா சும்மா ஒரு நாள் எட்டாவது குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஊதாத் தட்டில் வைத்தாள். தட்டு முழுக்க ஊதா. பத்தாவது குடுவையிலும் அதே கதை.

"டாக், இதுக்கு மறந்துபோச்சு. இலைக்குள்ள இருந்தவரைக்கும் அந்த வேலை தேவைப்பட்டுச்சு. இங்க உக்காத்தி வச்சுச் சோறு போடுறோம், எதுக்கு வேலை செய்யும்?"

"தட்டு பழசா இருக்கும்."

"இன்னைக்குக் காலையில ஊத்துன தட்டு."

"அப்ப உன் கை பழசா இருக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணை ஆளுநர் பதினெட்டாம் தேதி வர்றார், ஜொவி. பெபிங் பண்ணையிலதான் காட்டப்போறோம். மூணாம் தொட்டியில மருந்து, நாலாம் தொட்டியில மருந்து இல்ல. பக்கத்துல பக்கத்துல பாக்கட்டும்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று முணுமுணுத்தபடி ஜொவிதா வெளியே வந்தாள். அவர் கவிழட்டும் என்று நினைத்தாள். துணை ஆளுநர் முன்னால், பத்திரிகைக்காரர்கள் முன்னால், குப்புற விழட்டும். அந்த நினைப்போடு ஒரு கிண்ணம் பட்சோய் சூப்பை ரசித்துக் குடித்தாள். பாதியில்தான் பெபிங்கின் மற்ற ஆறு தொட்டிகளின் நினைவு வந்தது.

மிச்சமிருந்த மரங்களைத் தேடிப் போய்ப் புது இலை பறித்து, முப்பத்தேழை மறுபடி பிரித்தெடுத்தாள். இந்த முறை வளர்க்கும் திரவத்தில் இலைச் சாற்றையும் கலந்தாள். ஊதாத் தட்டில் வட்டம் பளிச்சென்று விழுந்தது. காட்சிக்கு எட்டு நாள் முன்னால் நான்கு பெரிய குடுவைகளோடு கிம்பாலுக்குப் போனாள். டாக்டர் அன்று காலையிலேயே வந்து, மூன்றாம் தொட்டியில் தன்னுடையதை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்.

"இத உன்னோட ஆறு தொட்டிக்கும் ஊத்து மாரே. மூணையும் நாலையும் மட்டும் தொடாத."

"ஏன்?"

"மூணு அவரோடது. நாலு ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு. ஒண்ணும் போடாம விட்டாத்தான் போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் தெரியும்."

பெபிங் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அதாவது நாலாம் தொட்டி சாகணும்."

"செத்தாத்தான் நிரூபணம்."

"நல்லா இருக்கு உங்க நிரூபணம். உன் வீட்டுல நாலு புள்ள இருந்து காய்ச்சல் வந்தா, ஒண்ணுக்கு மட்டும் மருந்து குடுக்காம வேடிக்கை பாப்பியா?"

"எனக்குப் புள்ளையே இல்ல."

"அதான் பேச்சு இப்படி வருது," என்றாள் பெபிங். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜொவிதா குடுவைகளை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு முற்றத்தில் பந்தல், ஒலிபெருக்கி, முழுதாகச் சுட்ட பன்றி எல்லாம் தயாராக இருந்தன. இரண்டு தொட்டிகளிலும் பெரிய எழுத்தில் பலகை தொங்கியது: மருந்து உள்ளது, மருந்து இல்லாதது. டாக்டர் இருபது நிமிடம் பேசினார். துணை ஆளுநர் பன்றி இருந்த திசையை இருபது நிமிடம் பார்த்தார். பிறகு இருவரும் மூன்றாம் தொட்டியின் தார்ப்பாய்க்குள் தலையை விட்டார்கள்.

வெளியே நின்றவர்களுக்கு இரண்டு பின்புறங்கள் மட்டும் தெரிந்தன.

"இது என்ன டாக்டர், கிறிஸ்துமஸ் விளக்கு மாதிரி இருக்கு?" என்றது துணை ஆளுநரின் குரல்.

நாலாம் தொட்டியைத் திறந்தார்கள். உள்ளே நல்ல கறுப்பு இருட்டு. விளக்கடித்துப் பார்த்தால் குஞ்சுகள் சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன.

எல்லாருக்கும் பின்னால் போய் ஜொவிதாவும் மூன்றாம் தொட்டிக்குள் எட்டிப்பார்த்தாள். அடியில் வெள்ளையாகச் செத்த குஞ்சுகள் படிந்திருந்தன. மேலே பாதி உயிரோடு ஒளிர்ந்தபடி மிதந்தன. எண்பதாயிரம் குஞ்சுகள். அதைப் பார்த்ததும் அவள் மனதில் முதலில் வந்தது சந்தோஷம்தான். சுத்தமான, கலப்படமில்லாத சந்தோஷம். தார்ப்பாய்க்குள் இருட்டில் தன் உதடுகள் சிரித்துக்கொண்டிருப்பதை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. தலையை வெளியே எடுக்கச் சிறிது நேரம் பிடித்தது.

அதற்குள் டாக்டர் சமாளித்துவிட்டார். "பலகை மாறிப்போச்சு!" என்று கையைத் தட்டினார். "என் உதவியாளரோட கவனக்குறைவு. வயசாகுது பாருங்க. ஜொவி, எத்தன தடவ சொல்லியிருக்கேன்? அந்த நாலாம் தொட்டிதான் சுமகாய்சாய்-1 போட்டது. பாத்தீங்களா, ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல!"

கைதட்டல் எழுந்தது. ஜொவிதா வாயைத் திறப்பதற்குள் பெபிங் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் பன்றி வெட்டுகிற கத்தி இருந்தது. வெட்டிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"யாரு டாக் பலகைய மாத்துனது? பலகை எழுதுனது நான், மாட்டுனது நான். மூணுல நீங்க ஊத்துனதப் பக்கத்துல நின்னு பாத்ததும் நான். நாலுல ஜொவி குடுத்தத ஊத்துனேன். ஊத்தாதன்னுதான் சொன்னா. என் குஞ்சு, என் தொட்டி, ஊத்துனேன். இப்ப மூணாம் தொட்டிய யாரு எடுத்துப் பொதைக்கிறது, நீங்களா?"

டாக்டர் கத்தியைப் பார்த்தார். துணை ஆளுநர், "ரெண்டும் நம்ம மாகாணத்து மருந்துதானே, ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு நடந்தார். கூட்டமும் போயிற்று. மறுநாள் பத்திரிகையில், 'கிருமிகளின் வாயை அடைத்த இலோய்லோ விஞ்ஞானி' என்று நாலாம் தொட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது. பெபிங் கத்தியோடு நின்ற படத்தை யாரும் போடவில்லை.

ஊர்க்கூட்டம் போன பிறகு, ஜொவிதா பெபிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்ட? இப்ப என் கையில ஒண்ணுமே இல்ல. மருந்து போடாத தொட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான் நான் வாயத் தொறக்க முடியும். நாலாம் தொட்டி தானாவே பொழச்சுதுன்னு ஒருத்தன் சொன்னா, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"பொழச்சுதுல்ல? அது போதும்."

"போதாது!"

"உனக்கும் உங்க டாக்டருக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு மாரே. அவரு பேப்பர்ல வர்றதுக்கு என் குஞ்சு சாகணும். நீ பேப்பர் எழுதுறதுக்கு என் குஞ்சு சாகணும். மூணாம் தொட்டி மருந்து வேலை செய்யாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் தொடாதன்ன. இல்லன்னு சொல்லு பாப்போம்."

ஜொவிதா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்றாம் தொட்டியின் மதகைத் திறந்தாள். இருவரும் தண்ணீரை வடித்து, ப்ளீச் தெளித்து, செத்ததை வாரிக் குழியில் கொட்டினார்கள். வெயில் சாய்கிறவரை வேலை இருந்தது.

அடுத்த வாரம் ஜொவிதா முப்பது பிளாஸ்டிக் பேசின்களோடு வந்தாள்.

"தொட்டி வேண்டாம். பேசினுக்கு அம்பது குஞ்சு குடு. பதினஞ்சுல ஊத்துவேன், பதினஞ்சுல ஊத்த மாட்டேன். எதுல ஊத்துனேன்னு உனக்குத் தெரியாது. நீதான் பாத்துச் சொல்லணும்."

"என்ன நம்பலையா?"

"என்னையே நம்பல, உன்ன எப்படி நம்புவேன்?"

பெபிங் முனகிக்கொண்டே சம்மதித்தாள். ஆயிரத்து ஐந்நூறு குஞ்சை அவள் தானமாகக் கொடுத்த விதத்தைப் பார்த்தால், மகளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்புகிறாள் என்று தோன்றும். எட்டாம் நாள் கொட்டகைக் கதவை அடைத்து இருட்டாக்கி, ஒவ்வொரு பேசினாகக் குனிந்து பார்த்து, எது ஒளிர்கிறது, எது ஒளிரவில்லை என்று சொன்னாள். ஜொவிதா குறித்துக்கொண்டாள். ஊற்றிய பதினைந்தில் பதினொன்று இருட்டாக இருந்தன; நான்கு ஒளிர்ந்தன. ஊற்றாத பதினைந்தில் பன்னிரண்டு ஒளிர்ந்தன. மூன்று, ஏனோ, தாமாகவே நன்றாக இருந்தன.

"அந்த நாலு ஏன் போச்சு?" என்று பெபிங் கேட்டாள்.

"தெரியல."

"இந்த மூணு ஏன் பொழச்சுது?"

"அதுவும் தெரியல."

பெபிங் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் வாயில இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல. உடம்பு சரியில்லையா?"

ஜொவிதா அதை அப்படியே எழுதினாள். நாலையும் எழுதினாள், மூன்றையும் எழுதினாள், எட்டாவது குடுவையில் மறந்துபோனதையும் எழுதினாள். கீழே இரண்டு பெயர்கள் போட்டாள்: ஜொவிதா மொந்தெக்ளாரோ, பெபிங் என்கிற ஹெனோவெவா கெல்வெசோன். டாக்டர் அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். படித்தது முழுக்க அல்ல, பெயர் இருந்த வரியை மட்டும்.

"இதுல என் பேரு எங்க ஜொவி?"

"உங்க பேரு மூணாம் தொட்டியில இருக்கு, டாக். அதையும் சேத்துப் போடட்டுமா?"

அவர் சேர்க்க வேண்டாம் என்று சொன்னார். அடுத்த மாதம் ஜொவிதாவை முதலாண்டு மாணவர்களின் கண்ணாடிச் சாமான் அறைக்கு மாற்றினார். அவர் மஞ்சள் கிழங்கை ஆராயப் போய்விட்டார். மஞ்சளில் வட்டம் விழுகிறதாம், தெளிவாக, கண்ணாடிபோல.

கட்டுரை மாகாண மீன்வளத் துறையின் செய்தி மடலில், ஐஸ் பெட்டி விளம்பரத்துக்குக் கீழே வந்தது. பெபிங் அதைக் கத்தரித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டினாள். இப்போதும் அவள் குஞ்சு விடுகிற ஒவ்வொரு முறையும் ஜொவிதா புது இலையிலிருந்து பிரித்தெடுத்து ஒரு குடுவை கொண்டுபோய்க் கொடுக்கிறாள். எட்டுத் தொட்டியில் ஐந்து பிழைக்கிறது, சில முறை ஆறு. ஒரு முறை மூன்றுதான் பிழைத்தது. அன்று பெபிங் தொலைபேசியில் அவளை அப்பன் பாட்டன்வரைக்கும் திட்டினாள். ஜொவிதா முழுதும் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, செத்த தொட்டித் தண்ணீரில் ஒரு புட்டி எடுத்து வைக்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"ஏன்னு பாக்கத்தான்," என்றாள் ஜொவிதா. கண்ணாடிச் சாமான் அறையைப் பூட்டிவிட்டு ஜீப்னி நிறுத்தத்துக்கு நடந்தாள்.